சோள இலையில் புள்ளி: ஆஸ்பிரின் கரைசல் தெளிக்கலாமா?

ஈசூன்_அக்கா:

வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் புளோக் அடியில் இருக்கும் சமூகத் தோட்டத்தில் இனிப்புச் சோளம் போட்டிருக்கிறோம். பாத்தி 1.2 மீட்டர் அகலம், அதில் 6 வரிசை, செடிக்குச் செடி 20 செ.மீ. இன்றைக்கு 38ஆம் நாள். அடியில் உள்ள நாலு இலைகளில் வைக்கோல் நிறத்தில் நீள நீளமான புள்ளிகள். ஒவ்வொன்றும் 2 செ.மீ. இருக்கும், இரண்டு ஓரமும் கோடு போட்டதுபோல் நேராக இருக்கின்றன. நடு இலைகளில் மேல்பக்கம் மட்டும் ஆரஞ்சு நிறப் பொடி, தடவினால் விரலில் ஒட்டுகிறது. தினமும் மாலை 7 மணிக்குக் குழாயால் இலைமேல் தண்ணீர் அடிக்கிறோம்.

சாலிசிலிக் அமிலம் செடியின் சொந்த ஹார்மோன், ஆஸ்பிரின் அதைத்தான் தரும், தெளித்தால் பூஞ்சைக்கு எதிர்ப்பு வரும் என்கிறார்கள். 10 லிட்டருக்கு எத்தனை மாத்திரை? ஜாஸ்மோனிக் அமிலமும் எதிர்ப்பு ஹார்மோன்தானே, இரண்டையும் கலந்து அடித்தால் இரட்டைப் பலன் கிடைக்குமா?

இலைநோய்க்காரன்:

அக்கா, நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் உங்கள் பாத்தியில் நோய் இரண்டு. இரண்டுக்கும் ஒரே மருந்து தேடுவதால்தான் குழப்பம்.

நேர் ஓரம் உள்ள வைக்கோல் நிறப் புள்ளி தெற்கத்திய இலைக்கருகல். பூஞ்சையின் பெயர் பைபோலாரிஸ் மேடிஸ். இலை நரம்பைத் தாண்டத் திணறி நீளவாக்கில் பரவுவதால்தான் ஓரம் அப்படிக் கோடாக நிற்கிறது. 1970இல் அமெரிக்காவின் சோள விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதத்தை அழித்தது இதே பூஞ்சையின் ஒரு ரகம்தான். ஆரஞ்சுப் பொடி தெற்கத்திய துரு, பக்சினியா பாலிசோரா. சாதாரணத் துரு இலையின் இரு பக்கமும் செங்கல் நிறத்தில் வரும், அதற்குக் குளிர்ச்சி வேண்டும்.

துரு, உயிருள்ள செல்லுக்குள் குழல் விட்டு உறிஞ்சி வாழ்வது. செல் செத்தால் அதுவும் பட்டினி. சாலிசிலிக் அமிலம் தூண்டுவது இந்த வழியைத்தான்: பூஞ்சை நுழைந்த செல் தன்னையே மாய்த்துக்கொள்ளும், மற்ற இலைகள் உஷாராகும். கருகல் பூஞ்சை நேர்மாறு. அது நஞ்சால் செல்லைக் கொன்று தின்பது, செத்த செல் அதற்கு விருந்து. அந்த வகைப் பூஞ்சையை எதிர்ப்பதில் முன்னால் நிற்பவை ஜாஸ்மோனிக் அமிலமும் எத்திலீன் என்ற இன்னொரு ஹார்மோனும். இந்த இரண்டு பாதைகளும் பல செடிகளில் ஒன்றையொன்று அமுக்கும். சோளத்தில் இந்தப் பிரிவு அவ்வளவு துல்லியமாக இல்லை என்றாலும், இரட்டைப் பலன் கணக்கை நம்பி இறங்காதீர்கள்.

ஜாஸ்மோனேட்டை, அதாவது ஜாஸ்மோனிக் அமில வகையை, இந்த வயதுச் செடியில் தொடவே வேண்டாம். வளர்ச்சியை அது தடுக்கும். அதோடு, சோளத்தின் உச்சிப் பூ ஆண் பூவாக இருப்பதற்கே அந்த ஹார்மோன்தான் காரணம். அதைத் தயாரிக்கும் பாதை பழுதான, டாசல்சீட்1 என்ற மரபணு மாற்றம் உள்ள செடியில் உச்சிப் பூங்கொத்திலேயே மணி பிடிக்கும். உங்கள் செடியில் உச்சிப் பூ உருவாகிக்கொண்டிருக்கும் நேரம் இது.

உங்கள் பாத்தியில் உண்மையான கோளாறு ஹார்மோன் குறைவு அல்ல. மாலை 7 மணிக்கு நனைத்த இலை நம் ஊர் ஈரப்பதத்தில் மறுநாள் 8, 9 மணி வரை காயாது. பூஞ்சை வித்து முளைத்து உள்ளே நுழைய அதில் பாதி நேரமே தாராளம். விடியுமுன் சுமத்ரா சூறைமழை அடிக்கும் மாதங்களில் கேட்கவே வேண்டாம். இன்றிலிருந்து தண்ணீர் காலையில், வேரில் மட்டும். 2, 4, 6ஆம் வரிசைகளைத் தரையோடு வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அறுந்துபோகும். மனசு வராதுதான், ஆனால் 40 செ.மீ. இடைவெளி இல்லாமல் காற்று உள்ளே போகாது. மூன்று வரிசையில் மகரந்தம் போதாமல் போகும், அதனால் கதிர் நுனியில் பட்டுநூல் வெளிவந்ததும் காலை 8லிருந்து 10 மணிக்குள் உச்சிப் பூவை அதன்மேல் உதறிவிடுங்கள்.

மில்லிமோல்:

அளவு கேட்டிருந்தீர்கள், சொல்லிவிடுகிறேன். துருவுக்கு மட்டும், இன்னும் பொடி வராத மேல் இலைகளுக்கு மட்டும். வந்த புள்ளி எதுவும் இதனால் ஆறாது.

ஆய்வுகளில் பெரும்பாலும் லிட்டருக்கு 0.5 முதல் 1 மில்லிமோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் கணக்கிடும் அலகு) வரை தெளிக்கிறார்கள். ஆஸ்பிரினுக்கு 0.5 மில்லிமோல் என்றால் லிட்டருக்கு 90 மி.கி. ஆக, 10 லிட்டருக்கு 300 மி.கி. மாத்திரை 3. குடலில் கரையும்படி மேற்பூச்சு போட்ட மாத்திரை ஆகாது. பொடித்து, ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் கலக்கி, துணியில் வடிகட்டிய பிறகே தொட்டியில் ஊற்றுங்கள். வடிகட்டாவிட்டால் மாத்திரையில் உள்ள மாவு தெளிப்பான் முனையை அடைத்துவிடும். அன்றன்றைக்குக் கலக்கியதை அன்றே தீர்க்க வேண்டும்.

முதலில் இரண்டு இலையில் அடித்து 48 மணி நேரம் பாருங்கள். லிட்டருக்கு 360 மி.கி. பக்கம் போனால் இலை நுனியும் ஓரமும் தீய்ந்துபோகக் கூடும். தீய்ந்த இடம் கருகல் பூஞ்சைக்கு வாசல். செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லி மருந்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள். அமிலத்தில் செம்பு அதிகம் கரைந்து இலையைச் சுட்டுவிடும். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள் கைவைக்க வேண்டாம்.

என் கருத்து: கருகலும் சேர்ந்து இருக்கும் பாத்தியில் நான் தெளிக்கமாட்டேன்.

வேர்முடிச்சு:

ஹார்மோனைக் கூட்டினால் எதிர்ப்பு கூடும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. சோளத்தில் லாக்ஸ்3 என்ற மரபணுவைச் செயலிழக்கச் செய்து பார்த்தார்கள். அது ஜாஸ்மோனிக் அமிலத்தின் உறவுக்காரப் பொருள்களை உண்டாக்கும் நொதிக்கானது. செயலிழந்த செடியில் பியூசேரியம் என்ற பூஞ்சை குறைந்தது, அதன் நஞ்சான பியுமோனிசினும் குறைந்தது, இலைக்கருகலும் குறைந்தது. 2007இல் வந்த முடிவு இது. இரண்டே ஆண்டில், அதே செடியை ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சை இன்னும் எளிதாகத் தாக்குவது தெரிந்தது. ஒரு கதவைச் சாத்தினால் இன்னொன்று திறந்துகொள்கிறது.

பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. சோளத்தைத் தாக்கும் கரிப்பூட்டைப் பூஞ்சை சிஎம்யூ1 என்ற நொதியைச் செல்லுக்குள் அனுப்பி, சாலிசிலிக் அமிலத்துக்கான மூலப்பொருளையே வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. சோளம் கிவெல்லின் என்ற புரதத்தால் அந்த நொதியைக் கவ்விப் பிடிக்கிறது. இந்த இழுபறியில் நாம் வெளியிலிருந்து ஊற்றும் மாத்திரைக் கரைசல் மிகச் சிறிய சேர்மானம். நல்ல ரகத்து விதை அதைவிடப் பல மடங்கு வேலை செய்யும். அடுத்த முறை துருவும் கருகலும் தாங்கும் வெப்பமண்டல ரகம் என்று பையில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

ஈசூன்_அக்கா:

மிக்க நன்றி. வரிசைகளை வெட்டிவிடுகிறோம். வெட்டியதைத் தோட்டத்து உரக்குழியில் போடலாமா? புள்ளி கருகல்தான் என்று எப்படி உறுதி செய்வது?

இலைநோய்க்காரன்:

உரக்குழி வேண்டாம். துருவுக்கு உயிருள்ள செடி தேவை, வெட்டினால் அதோடு சரி. கருகல் பூஞ்சை காய்ந்த சருகிலும் உயிரோடு கிடந்து அடுத்த விதைப்புக்குக் காத்திருக்கும். பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கத்தரிக்கோலையும் துடைத்துவிடுங்கள்.

உறுதி செய்ய: புள்ளி உள்ள இலைத்துண்டு ஒன்றை ஈர டிஷ்யூமேல் வைத்து ஜிப் பையில் மூடி, வெயில் படாத இடத்தில் 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள். பிறகு 10 மடங்கு உருப்பெருக்கியால் பாருங்கள். புள்ளியின் நடுவில் கரும்சாம்பல் நிறத்தில் மெல்லிய ரோமம் போல எழும்பியிருந்தால் கருகல் என்பது அநேகமாக உறுதி.