மறு: ஸ்டாக்குக்கு அடுக்கு சரியா வருமா? என் பரிந்துரை: குழி

எல்லாருக்கும் வணக்கமுங்க, கம்ப்யூட்டர்ல தகவல ஒண்ணு மேல ஒண்ணா போட்டு மேல இருந்தே எடுக்கற அமைப்பு தான் ஸ்டாக். அதுக்கு தமிழ்ல அடுக்குங்கற பேர மாத்தி குழின்னு வெக்கலாம்ங்கறேன், அதுக்கு நீங்க எழுதுனதுக்கு தான் இந்த பதில்.

> அடுக்குன்னே புழக்கத்துல இருக்கு, எதுக்கு மாத்தணும்?

அண்ணா நீங்க கேக்கறது நியாயம் தான், ஆனா நான் பாலக்கோடு பக்கம் பாலிடெக்னிக் பசங்களுக்கு பாடம் எடுக்கறவன், வகுப்புல நடந்தத சொல்றேன். ஒரு நாள் காலைல நெட்வொர்க் பாடத்துல கம்ப்யூட்டருங்க தகவல் பரிமாறிக்கற வேலைய ஏழு அடுக்கா பிரிச்சு சொல்ற ஓஎஸ்ஐ மாடல நடத்தினேன், மத்தியானம் டேட்டா ஸ்ட்ரக்சர்ல, அதாவது தகவல ஒழுங்கா வெக்கற முறைங்க பாடத்துல, ஸ்டாக்க அடுக்குன்னு ஆரம்பிச்சேன், ஒரு பொண்ணு எழுந்து "சார் அப்ப ஏழாவது அடுக்க எடுத்தா தான் ஆறாவது கைக்கு வருமா"ன்னு கேட்டுச்சு. அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல, நாம தான் ஒரே சொல்ல ரெண்டுக்கும் வெச்சிருக்கோம். கணக்குல 2இன் அடுக்கு 3 வேற இருக்கு.

அதுவும் இல்லாம அடுக்குன்னதும் சமையக்கட்டு தட்டு அடுக்கு தான் கண்ணுக்கு வருது. அதுல நடுவுல இருக்கற தட்ட உருவிடலாம், எங்கம்மா தினமும் உருவறாங்க. ஸ்டாக்குல அது நடக்காதே, கடைசியா போட்டது தான் முதல்ல வரும், அடியில இருக்கறது வேணும்னா மேல இருக்கறது பூரா வெளிய வந்தாகணும்.

இதுக்கு அச்சு அசலா நம்ம பக்கம் இருந்தது ராகிக்குழி. தேன்கனிக்கோட்டை பக்கம் எங்க பாட்டி வீட்டு வாசல்ல ஒண்ணு இருந்துச்சு, வாய் ஒரு ஆள் இறங்கற அளவு தான், உள்ள பானை மாதிரி அகலம். ராகிய கொட்டி பலகைக்கல்ல மூடி மண்ணு பூசிடுவாங்க. தொறந்த உடனே யாரும் இறங்க மாட்டாங்க, கயித்துல விளக்க கட்டி உள்ள விடுவாங்க, விளக்கு அணைஞ்சா காத்து கெட்டு கெடக்குதுன்னு அர்த்தம். அப்புறம் மேல கொட்டுன ராகி தான் முதல்ல மொறத்துக்கு வரும், அடி ராகி கடைசி. வாய் ஒண்ணே ஒண்ணு, போடறதும் அதுல தான் எடுக்கறதும் அதுல தான். ஸ்டாக்குக்கு இதவிட என்ன வெளக்கம் வேணும்!

> குழின்னா பொணம் பொதைக்கற ஞாபகம் வருது

அக்கா, பல்லாங்குழி ஆடறோம், தென்னங்கன்னுக்கு குழி வெட்டறோம், அப்ப யாருக்கும் அந்த ஞாபகம் வர்றதில்லயே. இன்னொண்ணு பாருங்க, 1946ல ஆலன் டூரிங் ஏஸ் கம்ப்யூட்டருக்கு திட்டம் எழுதறப்ப, ஒரு துணை நிரலுக்குள்ள (பெரிய நிரல் நடுவுல கூப்பிடற சின்ன நிரல்) போயிட்டு எந்த இடத்துக்கு திரும்பணும்ங்கற முகவரிய வெக்கறதுக்கு அவர் போட்ட பேரே புதைக்கறது, தோண்டி எடுக்கறது தான். ஜெர்மனில பிரீட்ரிக் பாவர், கிளாவுஸ் சாமெல்சன்னு ரெண்டு கணினி அறிஞருங்க ஸ்டாக்குக்கு 1957ல காப்புரிமைக்கு எழுதிப் போட்டப்ப கெல்லர்னு வெச்சாங்க, கெல்லர்னா வீட்டுக்கு அடியில இருக்கற நிலவறை. ஜெர்மன்காரங்க இன்னிக்கும் பாடத்துல அந்தப் பேர விடல. அவங்கவங்க ஊர்ல கண்ணால பாத்தத வெச்சாங்க, நாமளும் நம்ம ராகிக்குழிய வெக்கலாம்ங்கறேன்.

வினைச்சொல்லும் தானா வந்து விழுது. ஸ்டாக்குல ஒண்ண போடற புஷ்ஷுக்கு இடு, மேல இருக்கறத எடுக்கற பாப்புக்கு எடு, எடுக்காம மேல இருக்கறத மட்டும் பாக்கற பீக்குக்கு எட்டிப்பார். குழில இடு, குழிலேருந்து எடு, பசங்க ஒரு தடவ கேட்டா மறக்காது. இடமில்லாம போற ஓவர்ஃப்ளோவுக்கு குழி நிரம்பல். ஒரு ஃபங்க்ஷன், அதாவது துணை நிரல், நிக்கறதுக்கு வழி இல்லாம தன்னையே கூப்ட்டுகிட்டு இருந்தா ஒவ்வொரு தடவையும் திரும்பற முகவரி குழில விழுந்துகிட்டே இருக்கும், எடுக்கறதே இல்ல, கடைசில குழி நிரம்பி நிரல் நின்னுடும். இத இப்பிடி சொன்னா புரியாத பிள்ளை இருக்காது.

கியூவுக்கு குதிர் வெக்கலாம்னு தோணுது, மேல கொட்டி அடி ஓட்டை வழியா எடுக்கறதால முதல்ல போனது முதல்ல வரும், கியூவ வெறும் வரிசைன்னா சார்ட்டிங்கோட, அதாவது வரிசைப்படுத்தறதோட மோதுது. ஆனா முக்கியமானத முதல்ல வெளிய விடற ப்ரையாரிட்டி கியூவுக்கு குதிர் ஒத்து வராது, அதுல எது முந்தி வந்துச்சுங்கறதே கணக்கில்ல. அதுக்கு முன்னுரிமை வரிசைன்னே இருக்கட்டும்.

அடுத்த பருவத்துக்கு கையேடு அச்சுக்கு போறதுக்குள்ள உங்க கருத்த எழுதுங்க. குழி பிடிக்கலன்னா வேற பேர் சொல்லுங்க, ஆனா இடு, எடு ரெண்டையும் மட்டும் விட்டுடாதீங்க.