புதுப்பிப்பு: கார்பன் பிடிப்பு போஸ்ட்டாக், சேரப்போகிறேன்

கார்பன் பிடிப்பில் (ஆலைப் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்துப் பிடிப்பதில்) போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வு வேலை, வந்திருக்கிறது, போகலாமா, இல்லை பாளையங்கோட்டையில் கல்லூரி வேலையே போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போவதென்று முடிவாகிவிட்டது. பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

முடிவெடுக்க வைத்தது தாழையூத்து அண்ணாச்சி ஒருவரின் கேள்வி: "சிமெண்ட் சூளைக்கு நிலக்கரிய நிறுத்திட்டா புகை நின்னுராதா தம்பி?" நிற்காது அண்ணாச்சி. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு கல்லிலிருந்தே வரும். எந்த எரிபொருள் போட்டாலும் அது குறையாது, பிடித்துத்தான் ஆகவேண்டும். அதனால் சூளை வாயுவையே ஆய்வுத் தலைப்பாகக் கேட்டேன். பேராசிரியரும் சம்மதித்துவிட்டார்.

"நம்ம பக்கம் இதெல்லாம் ஏது?" என்றவர்களுக்கு: தூத்துக்குடி அல்காலி கெமிக்கல்ஸ் ஆலையில் 2016-லேயே கொதிகலன் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து சோடா ஆஷ் (கண்ணாடி, சலவைத்தூள் செய்ய உதவும் சோடா உப்பு) செய்யத் தொடங்கினார்கள். திட்ட அளவு ஆண்டுக்கு 60,000 டன் கார்பன் டை ஆக்சைடு.

சிக்கல் வெப்பத்தில்தான். இந்த வாயுவைப் பிடிக்க வழக்கமாகப் பயன்படும் அமீன் என்ற ரசாயனத்தின் கரைசல் 40 டிகிரி வாக்கில் அதை உறிஞ்சும். பிடித்த வாயுவை விடுவிக்க கரைசலை 120 டிகிரி வரை காய்ச்சவேண்டும். சூளையில் வீணாகும் வெப்பத்தில் எவ்வளவை இதற்குத் திருப்பலாம் என்பதே என் வேலை. இதைச் செய்ய எனக்கு அவ்வளவு ஆசை.

சம்பளம் கேட்டவர்களுக்கு: விடுதிச் செலவு போக வீட்டுக்கு அனுப்ப மிஞ்சும். ஜனவரியில் சேர்கிறேன்.