மின்சாரம் குறைவாக இழுக்கும் லேப்டாப்: என்100-ஆ, ஐ3-யா?

வணக்கம் நண்பர்களே. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு பார்க்கிறேன். மழை, காற்று என்றால் கரண்ட் போய்விடும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பகல் முழுக்க பேட்டரியில் ஓடும் லேப்டாப் வேண்டும். வேலை டேலி, எக்ஸெல், பிரவுசர், எப்போதாவது வீடியோ கால். அவ்வளவுதான்.

சேலத்தில் விசாரித்ததில் மூன்று சிப்களில் வந்து நிற்கிறேன். இன்டெல் என்100-இல் 4 சிறிய கோர்கள் (கணக்கிடும் அலகுகள்), 6 வாட். ஐ3-1215யு-வில் 2 பெரிய கோர், 4 சிறிய கோர்; அடிப்படை 15 வாட் என்றாலும் டர்போவில், அதாவது சற்று நேரம் முழு வேகத்தில் ஓடும்போது, 55 வாட் வரை போகலாம். ரைசன் 3 7320யு-வும் 15 வாட்தான், ஆனால் அதன் 4 கோர்களும் பழைய ஜென் 2 வகை. எல்பிடிடிஆர்5 வகை ரேமை மட்டுமே ஏற்பதால் அதைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், பின்னால் கூட்ட வழியில்லை. 8 ஜிபி மாடல் என்றால் எனக்கு வேண்டாம்.

வாட் எண்ணை மட்டும் பார்த்தால் என்100. ஆனால் பெரிய எக்ஸெல் ஃபைலை ஐ3 சட்டென்று திறந்துவிட்டு ஓய்ந்துவிடுமே? சும்மா இருக்கும்போது சிப்பை விடத் திரைதானே அதிகம் தின்னும்? கடையில் கேட்டால் எந்த லேப்டாப்புக்கும் "எட்டு மணி நேரம் வரும் சார்" என்கிறார்கள்!

இவற்றை வைத்திருப்பவர்கள், சார்ஜரைக் கழற்றிவிட்டு வேலை செய்யும்போது எத்தனை வாட் இழுக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா? லினக்ஸ் என்றால் பவர்டாப் என்ற நிரல் காட்டும். திரை வெளிச்சம், பேட்டரி எத்தனை வாட்-ஹவர் என்பதையும் சேர்த்துப் போடுங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும்.