ரோஸ் ஹில்லா, குவாத்ர் போர்னா?

மொரிஷியஸில் எபேன் சைபர்சிட்டியில் வேலை. மனைவி, ஏழு வயது மகள், ஆஸ்துமா உள்ள அம்மா. ஜனவரியில் பள்ளி திறக்குமுன் வீடு மாற வேண்டும். வாடகை 30,000 ரூபாய் வரை, கார் இல்லை.

மூன்று மாதமாக அலைகிறோம். கியூர்பிப்பில் விசாலமான வீடு கிடைத்தது, வாடகையும் குறைவு. ஆனால் 550 மீட்டர் உயரம், ஓயாத தூறல், அலமாரிக்குள் பூஞ்சணம். அங்கே தெரிந்தவர் வீட்டில் இரண்டு இரவு தங்கியதற்கே அம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. ஃபிளிக் ஆன் ஃபிளாக் காய்ந்த ஊர்தான். பஸ்ஸை நம்பி தினம் எபேன் வர என்னால் ஆகாது.

ரோஸ் ஹில் என்றால் ஆபீசுக்கு நேரே மெட்ரோ. குவாத்ர் போர்ன் என்றால் நடுவில் மாற வேண்டும், ஆனால் கோர் தெ கார்த் மலை முருகன் கோவில் பக்கம் (அம்மாவின் ஓட்டு அங்கேதான்).

அங்கே குடியிருப்பவர்கள் சொல்லுங்கள்: மழைக்காலத்தில் வீட்டுக்குள் ஈரம் இந்த இரண்டில் எங்கே குறைவு?