ஹால் சுவருக்கு ஒரு படம்

குழு: வடக்குத்தெரு வீடும் சொந்தங்களும்

புதன், இரவு 8:12

மீனா மைனி: எல்லாரும் பாருங்க. பால்காய்ப்பு தை 10னு முடிவாயிட்டு. ஹால்ல சோபாவுக்கு மேல சுவரு காலியா கெடக்கு. பெரிய படம் ஒண்ணு மாட்டணும். உங்க அண்ணன் ஆன்லைன்ல ஏதோ அருவி படத்தைக் காட்டுகாங்க. எனக்குப் பிடிக்கல

கணேசன் அண்ணன்: நல்ல அருவிதான் அது

மீனா மைனி: எந்த ஊரு அருவி?

கணேசன் அண்ணன்: போடல

பிரியா: நம்ம தேரூர் குளத்தை மாட்டலாம் மைனி. பின்னாடி மலையோட. மாமா, ஜெரோம் அண்ணன் எல்லாரும் போனா ஒரு காலையில எடுத்துரலாம்

ஜெரோம்: நான் ரெடி

காஜா: நானும்

பெரியப்பா: ஹால்ல அப்பா படம்தான் வரணும்.

ரமணி சித்தி: அது பூஜை ரூம் பக்கம்னு அன்னைக்கே பேசியாச்சு அத்தான்

பெரியப்பா: யாரு பேசினது

சுப்பையா மாமா: மீனா, முதல்ல சுவரை அளந்து சொல்லு. அளவு தெரியாம எடுக்கப் போகக்கூடாது. இப்போதைக்கு 6 அடிக்கு 2 அடினு வச்சுக்குவோம். 72 இஞ்சுக்கு 24 இஞ்சு. ஏழெட்டு அடி தள்ளி நின்னு பாக்குற படத்துக்கு இஞ்சுக்கு 150 புள்ளி இருந்தா தாராளம். அப்போ 10,800க்கு 3,600 புள்ளி வேணும். ஆனந்த் கேமரா 24 மெகாபிக்சல். ஒரு படம் 6,000க்கு 4,000தான். ஒத்தப் படத்தை 6 அடிக்கு இழுத்தா இஞ்சுக்கு 83 புள்ளிதான் வரும், கிட்டப் போனா மலை ஓரம் மங்கலாத் தெரியும். அதனால கேமராவை நெட்டுக்குத்தா வச்சு இடமிருந்து வலமா 5 படம் எடுத்து ஒட்டணும். ஒவ்வொண்ணும் முந்தின படத்து மேல மூணுல ஒரு பங்கு ஏறி விழணும். ஒட்டினா 14,600 புள்ளி கிட்ட அகலம் வரும். ஓரத்தை வெட்டினாலும் மிச்சம் இருக்கும்.

ஆனந்த்: ஓகே மாமா

ரமணி சித்தி: ஆனந்து கல்யாண ஆல்பம் என்னாச்சு

ஆனந்த்: வருது சித்தி

ரமணி சித்தி: பிள்ளைக்கு ரெண்டு வயசாகப் போகுது

கணேசன் அண்ணன்: டிரோன் வச்சிருக்க பையன் ஒருத்தனைத் தெரியும். ஒரே படத்துல குளம் மலை எல்லாம் வந்துருமே

சுப்பையா மாமா: வேண்டாம் கணேசா. சுசீந்திரம் தேரூர் நீர்நிலை 2022ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்க பட்டியல்ல சேந்த இடம். இப்போ வலசை வந்த பறவை எல்லாம் அங்கதான் கெடக்கு. சத்தம் கேட்டா மொத்தமா எழும்பிரும். கரையில நின்னே எடுப்போம்.

பெரியப்பா: தேரூர் கவிமணி பொறந்த ஊரு. அது வீட்டுல இருக்கலாம். தப்பில்ல.

மீனா மைனி: 🙏

பெரியப்பா: அப்பா படம் வேற விஷயம்.

காஜா: மாமா, 18 மி.மீ. லென்ஸ் கொண்டு வரவா

சுப்பையா மாமா: கொண்டு வா. ஆனா இந்தப் படத்துக்கு அது வேண்டாம். 18ல குளம் பெருசா விரியும், மலை சுருங்கிப் போயி ஒரு கோடாத்தான் நிக்கும். மலைக்குக் கனம் வேணும்னா 50. ஆனந்த் கேமராவுல 50ஐ நெட்டுக்குத்தா வச்சு 5 படம் எடுத்தா ஏறக்குறைய 65 டிகிரி அகலம் கிடைக்கும். அது போதும்.

காஜா: சரி

சுப்பையா மாமா: இன்னும் கேளு. லென்ஸ் துவாரத்தை எஃப் 8ல வச்சு, 16 மீட்டர் தள்ளி உள்ள எதுலயாவது ஃபோகஸ் வச்சு, பொறவு ஆட்டோவை அணைச்சிரு. 8 மீட்டர்ல இருந்து மலை வரைக்கும் தெளிவா இருக்கும். 8 மீட்டருக்கு உள்ள இருக்க தாமரை இலை மங்கும். கிட்ட உள்ளது எதையும் ஃபிரேமுக்குள்ள விடாதே. கிட்டப் பொருள் இருந்தா ஒட்டும்போது ரெண்டா உடைஞ்சும் தெரியும். வெளிச்சத்தை உணர்ற அளவு, ஐஎஸ்ஓ, 100ல இருக்கட்டும். ஷட்டர், வெள்ளை சமன் எல்லாம் கையால வைக்கணும். எது ஒண்ணு ஆட்டோல நின்னாலும் அஞ்சு படமும் அஞ்சு நிறத்துல வரும், வானத்துல வரி விழும்.

ஜெரோம்: லென்ஸ் முன்னால போலரைசர் ஃபில்டர் போடலாமா? பளபளப்பு போயி தண்ணி நல்லா இருக்குமே

சுப்பையா மாமா: இதுக்குப் போடாதே. சூரியனுக்கு 90 டிகிரி பக்கவாட்டு வானத்தைத்தான் போலரைசர் அதிகமாக் கருக்கும். இந்த மாசம் சூரியன் தென்கிழக்கே எழும்புது, நாம வடக்கே பாத்து நிக்கோம். கருத்த பட்டை படத்துல வலது பக்கம் வந்து உக்காந்துரும். போதாக்குறைக்கு ஒரு திருப்புல மலையோட பிம்பத்தையே தண்ணியில இருந்து அழிச்சிரும். நாம போறதே பிம்பத்துக்கு.

ஜெரோம்: சரிதான்

பிரியா: நான் போன்ல எடுக்கலாமா மாமா

சுப்பையா மாமா: கண்டிப்பா எடு மக்ளே. லென்ஸை முதல்ல பருத்தித் துணியால துடை. விரலால இழுத்து ஜூம் பண்ணாதே, நாலு அடி முன்னால நட. வானத்துல வெளிச்சம் அதிகமான இடத்தைத் தொட்டு அழுத்திப் பிடி, பூட்டு விழும். பொறவு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழ இறக்கு. நெழல் கருப்பா இருந்தா பின்னாடி ஏத்திக்கலாம், வெந்து வெளுத்த வானத்தை மீட்க முடியாது. 2 செகண்ட் டைமர் வச்சுட்டு கைய எடு.

பிரியா: 🙋‍♀️ குறிச்சுக்கிட்டேன்

சுப்பையா மாமா: படத்தை இங்க போட்டோவா அனுப்பாதே. வாட்ஸ்அப் சுருக்கிரும், பிரிண்டுக்கு ஆகாது. டாக்குமென்டா அனுப்பு.

ரமணி சித்தி: சாப்பாட்டு ஆளு கேக்காரு. காலை டிபனுக்கு 200 பேரு போட்டுக்கலாமா. வடைக்கு உளுந்து 3 கிலோ போதுமா

மீனா மைனி: கிலோவுக்கு 60 வடைனு வையிங்க. பிள்ளைங்க ரெண்டு எடுக்கும். 4 போடலாம் சித்தி

பெரியப்பா: சாம்பார்ல முருங்கைக்காய் வேணும்.

கணேசன் அண்ணன்: எனக்கு ஒண்ணு புரியல. படம் எடுக்க ஆனந்த் ஒருத்தன் போனா போதாதா. எதுக்கு நாலு பேரு

மீனா மைனி: நானும் அதான் கேக்க நினைச்சேன்

ஜெரோம்: மாமா சொல்லட்டும்

சுப்பையா மாமா: சுவருக்கு ஒரு படம்தான் வேணும்னா ஆனந்த் போதும். ஆனா கணேசா, விடியக்காலையில குளக்கரையில நிக்கதுல பாதி நேரம் சும்மா நிக்கதுதான். மேகம் விலகணும், காத்து அடங்கணும், வெளிச்சம் மலை முகட்டுல விழணும். இதுல விருப்பம் இல்லாத ஆளு பக்கத்துல நின்னா பத்து நிமிஷத்துல "முடிஞ்சுதா"னு கேப்பான். அந்தக் கேள்வி வந்துட்டா பொறவு கண்ணு எதையும் பாக்காது. கை மட்டும் கிளிக் பண்ணும். ஜெரோமும் காஜாவும் அப்படிக் கேக்க மாட்டாங்க. அவங்களுக்கும் காத்திருக்கது பிடிக்கும்.

சுப்பையா மாமா: இன்னொண்ணு. நாலு பேரும் ஒரே கரையில நின்னாலும் ஒரே படம் வராது. ஜெரோம் மலையைப் பாப்பான். காஜா தண்ணியில மிதக்க இலையைப் பாப்பான். பிரியா மின்கம்பியில உக்காந்த மீன்கொத்தியைப் பாப்பா. டீ குடிக்கும்போது திரையை மாத்தி மாத்திப் பாத்தா, நம்ம முதுகுக்குப் பின்னால என்ன நடந்துதுன்னு அப்போதான் தெரியும். அந்த சந்தோஷம் தனியாப் போனாக் கிடைக்காது. படம் சரியா வராத நாள்லயும் அது கிடைக்கும்.

கணேசன் அண்ணன்: ம்

மீனா மைனி: சரி மாமா. போயிட்டு வாங்க

காஜா: ❤️

பெரியப்பா: (ஃபார்வேர்டு செய்யப்பட்டது) வெந்தயத் தண்ணியின் 12 பயன்கள்

வியாழன், காலை 7:05

ஆனந்த்: எப்போ போறோம்? நாளைக்கு எனக்கு லீவு

காஜா: நாளைக்கு சுசீந்திரம் தேரோட்டம். விடியமுன்ன போயிரலாம், திரும்பி வர முடியாது

ஜெரோம்: ஞாயிறு? 8:30க்கு எனக்கு திருப்பலி. 8க்குள்ள இங்க இருக்கணும்

சுப்பையா மாமா: ஞாயிறு நல்லது. சூரியன் 6:35 வாக்குல எழும்பும். நமக்கு முக்கியம் அதுக்கு முந்தின அரை மணி நேரமும் பிந்தின அரை மணி நேரமும். 5:45க்குக் கரையில இருக்கணும். 7:15க்கு மேல காத்து கிளம்பிரும், தண்ணி சுருங்கும், பிம்பம் போயிரும். ஜெரோம் நிம்மதியா கோயிலுக்குப் போயிரலாம்.

ஜெரோம்: 👍

பிரியா: சுசீந்திரம் குளத்துலயே எடுக்கக் கூடாதா? ரோட்டு மேலயே இருக்கு

சுப்பையா மாமா: ரோடு இருக்கதுதான் சிக்கல். லாரி போகும்போது தரை அதிரும். வெளிச்சம் இல்லாத நேரத்துல ஷட்டர் 8 செகண்ட், 15 செகண்ட்னு திறந்து நிக்கும். அந்த அதிர்வு அப்படியே படத்துல ஏறும். தேரூர் பக்கம் உள்ளே தள்ளி நின்னா அமைதி.

காஜா: ஸ்டாண்டு என்கிட்ட இருக்கு. ஜெரோம்கிட்ட இன்னொண்ணு

சுப்பையா மாமா: காஜா, நடுத்தண்டை உசத்தாதே. உயரம் வேணும்னா காலை நீட்டு. பையைக் கொக்கியில தொங்கவிட்டா அடிப்பாகம் தரையைத் தொட்டு நிக்கணும், ஆடுற பை ஸ்டாண்டையும் ஆட்டும். லென்ஸ்ல நடுக்கம் தடுக்குற சுவிட்ச் இருந்தா அணைச்சிரு. சேத்துல நிக்குற காலை முதல்ல கீழ் மெல்லிய கண்ணியில இருந்து நீட்டு, அப்போதான் பூட்டு தண்ணிக்கு மேல இருக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில கழுவி, காலை நீட்டி வச்சே காயவிடு. மடக்கி வச்சா உள்ளே மண்ணு உக்காந்து திருகு கடிக்கும்.

காஜா: சரி மாமா. காலு நீட்டும்போதே கரகரங்குது

ஜெரோம்: முட்டம் மணலு

காஜா: யாரு கொண்டு போனதுன்னு நான் சொல்லல

ஆனந்த்: 😄

ஜெரோம்: கேமராவைத் தாழ வச்சா பிம்பம் முழுசா வருமே மாமா

சுப்பையா மாமா: தெறந்த தண்ணினா நீ சொல்லுகது சரி. இங்க தாமரை அடைச்சுக் கெடக்கு. தாழ வச்சா முன்னால உள்ள இலை தண்ணியை மறைச்சிரும். நெஞ்சு உயரம் வையி, இலைக்கு அங்கிட்டு உள்ள தண்ணி இடைவெளி தெரியும். அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கத்தான் இருட்டோட போகச் சொல்லுகேன். முதல்ல யாரும் பையைத் திறக்காம கரை ஓரமா ஒரு நடை நடப்போம்.

ஆனந்த்: வானம் மலை தண்ணி மூணுக்கும் வெளிச்சம் ஒத்து வராதே

சுப்பையா மாமா: நல்ல கேள்வி. பிம்பம் வானத்தை விட ஒரு ஸ்டாப் வாக்குல, அதாவது பாதி வெளிச்சத்துல, கருத்துதான் இருக்கும். கேமரா சுருக்காத ரா ஃபைல்ல எடு. வானம் வெந்து போகாத அளவுக்கு ஷட்டரை வையி, நெழலை வீட்டுல ஏத்திக்கலாம். பிம்பத்தை வானத்தை விட வெளுப்பா மட்டும் ஆக்கிராதே. பாக்கவனுக்குக் காரணம் தெரியாட்டாலும் ஏதோ தப்புன்னு கண்ணு சொல்லும். அஞ்சு படத்தையும் 20 செகண்டுக்குள்ள முடி. இல்லன்னா மேகம் நகந்துரும். சூரியன் எழும்பினதும் நம்ம நெழலு நீளமா வடமேற்கே விழும், அதனால இடது பக்கம் ரொம்பத் திருப்பாதே.

ஆனந்த்: இதை யாராவது ஒரே மெசேஜா போடுங்க

பிரியா: நான் எழுதிப் போடுகேன்

சுப்பையா மாமா: எல்லாருக்கும் மூணு விஷயம். டார்ச்சை கீழ பாத்தே அடிங்க. ஒருத்தன் ஷட்டர் திறந்து நிக்கும்போது இன்னொருத்தன் டார்ச் குறுக்க வந்தா அந்தப் படம் போச்சு. அடுத்தவன் முன்னால நடக்கணும்னா வாய் விட்டுக் கேட்டுட்டு நடங்க. கேமராவை முந்தின ராத்திரி ஏசி ரூம்ல வைக்காதீங்க. குளுந்த கண்ணாடியில வெளிக்காத்து பட்டதும் புகை படியும், துடைக்கத் துடைக்கப் படியும். பையை மூடினபடியே அரை மணி நேரம் வெளியே வச்சிருந்தா சரியாயிரும்.

ரமணி சித்தி: பிரியாவை அனுப்பணும்னா ஸ்வெட்டர் போட்டு அனுப்புங்க. போன மாசம்தான் இருமல் நின்னுது

பிரியா: சித்தி 😐

வியாழன், இரவு 9:30

மீனா மைனி: அளந்துட்டேன். சுவிட்ச் போர்டை விட்டா 5 அடி 9 இஞ்சுதான் இருக்கு. உயரம் எவ்வளவு வேணும்னாலும் போகலாம்

ஆனந்த்: அப்போ 4 படம் போதுமா மாமா

சுப்பையா மாமா: 5ஏ எடு. வெட்டுகது சுலபம், சேக்க முடியாது. மீனா, சுவரு முழுக்க அடைக்காதே. ரெண்டு பக்கமும் கையகலம் விட்டு 5 அடிக்கு 20 இஞ்சு போடுவோம். கண்ணாடி போட வேண்டாம், எதிர ஜன்னல் இருக்கு, வெளிச்சம் அடிக்கும். கேன்வாஸ்ல அடிச்சு மரச்சட்டத்துல இழுத்துக் கட்டலாம். மொதல்ல ஒரு சின்ன துண்டு அச்சடிச்சுப் பாக்கணும், போன் திரையில தெரியதை விட அச்சுல கருத்து வரும்.

கணேசன் அண்ணன்: 20 இஞ்சு சின்னதா இருக்காதா

மீனா மைனி: எனக்கு 24 வேணும்

சுப்பையா மாமா: படம் வந்த பொறவு பாக்கலாம்

பெரியப்பா: பூஜை ரூம் பக்க சுவரு எத்தனை அடி?

மீனா மைனி: நாளைக்கு அளக்கேன் பெரியப்பா

காஜா: அப்போ ஞாயிறு 5:15. என் வீட்டு முன்னாடி. வண்டி?

ஜெரோம்: ரெண்டு பைக் போதும்

ஆனந்த்: ஸ்டாண்டு ரெண்டு, பை மூணு, மாமா, பிரியா. எப்படி?

பிரியா: அண்ணன் காரு

மீனா மைனி: ஞாயிறு காலையில கார்பெண்டரைக் கூட்டிட்டு மரக்கடைக்குப் போகணும்னு சொல்லியிருக்கோம். 7 மணிக்கு

காஜா: அவரை 9க்கு வரச் சொல்ல முடியுமா அண்ணாச்சி

கணேசன் அண்ணன்: ஏற்கனவே ரெண்டு தடவை மாத்தியாச்சு. நாளைக்குக் கேட்டுட்டு சொல்லுகேன்