வால்டர் வைட்டுக்கு ஏன் இவ்வளவு இடம் கொடுத்தோம்?

கருவிழி:
வேதியியல் ஆசிரியர் வால்டர் வைட் போதைப்பொருள் காய்ச்சப் போகும் பிரேக்கிங் பேட் தொடரின் 62 பகுதிகளையும் இரண்டாவது முறையாகப் பார்த்து முடித்தேன். முடிவு வரை பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதல் முறை எனக்கு வால்டரின் மனைவி ஸ்கைலரைப் பிடிக்கவே இல்லை. புற்றுநோய் வந்த மனுஷன் குடும்பத்துக்காக இவ்வளவு பாடுபடுகிறான், இவள் குறுக்கே நிற்கிறாளே என்று எரிச்சல் வந்தது. இந்த முறை அதை நினைத்து வெட்கமாக இருந்தது. கணவன் போதைப்பொருள் காய்ச்சுகிறான், வாயைத் திறந்தால் பொய், ஆட்களைக் கொல்கிறான். கைக்குழந்தையோடு இருக்கிற ஒரு பெண் அதைத் தடுக்கப் பார்க்கிறாள். அவள்மேல் எனக்கு என்ன கோபம்? நான் மட்டும் இல்லை. ஸ்கைலராக நடித்த அன்னா கன், அந்தப் பாத்திரத்தின் மேலும் தன் மேலும் ரசிகர்கள் கொட்டிய வெறுப்பைப் பற்றி 2013இல் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரையே எழுதினார்.

என் கட்சி இதுதான்: கேமரா யாரோடு நடக்கிறதோ அவனுக்கு நாம் உறவாகிவிடுகிறோம். உறவுக்காரன் தப்பு செய்தால் காரணம் தேடுவோம், ஊரான் செய்தால் தண்டனை கேட்போம். இந்த வகைத் தொடர்கள் நம்மை அப்படித்தான் பழக்குகின்றன.

மழைக்குருவி:
ஒப்புக்கொள்ள மாட்டேன். தொடர் அவனை ஒரு இடத்திலும் காப்பாற்றவில்லை. முதல் சீசன் ஐந்தாவது பகுதியை நினைத்துப் பாருங்கள். பழைய கூட்டாளிகளான எலியட்டும் கிரெட்சனும் சிகிச்சைச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறார்கள். வேலையும் தருகிறேன் என்கிறான் எலியட். வால்டர் வேண்டாம் என்கிறான். ஐந்தாவது பகுதியிலேயே வெளியே போகக் கதவு திறந்திருக்கிறது, இவன்தான் சாத்துகிறான். அதற்கு அப்புறமும் "குடும்பத்துக்காக" என்று நாம் நம்பினோம் என்றால் எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. கடைசிப் பகுதியில் அவனே ஸ்கைலரிடம் எனக்காகத்தான் செய்தேன், பிடித்துத்தான் செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறான். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

கருவிழி:
தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனுக்குத் தெரியும், சரி. நான் கேட்பது யாருக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கிறது என்று. வால்டரோடு சேர்ந்து காய்ச்சும் ஜெஸ்ஸியின் காதலி ஜேன் வாந்தியில் மூச்சடைத்துச் சாகிறாள், வால்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். அவளுடைய அப்பா விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். துக்கம் ஆறாமல் வேலைக்குத் திரும்புகிறார், இரண்டு விமானங்கள் மோதி 167 பேர் சாகிறார்கள். அந்த 167 பேரில் ஒருவருடைய வீட்டுக்காவது நாம் போனோமா? கருகிய ஒரு கரடி பொம்மை வால்டர் வீட்டு நீச்சல் குளத்தில் வந்து விழுகிறது, அவ்வளவுதான். செத்தவர்கள்கூட அவனுடைய கதைக்கு அடையாளமாக வந்து சேர்கிறார்கள்.

மழைக்குருவி:
அடுத்த பகுதியை விட்டுவிட்டீர்களே. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அழுதுகொண்டிருக்கிறார்கள். இவன் எழுந்து, இதைவிடப் பெரிய விபத்துகள் எல்லாம் நடந்திருக்கின்றன, இது வரிசையில் ஐம்பதாவது இடம்தான் என்று கணக்குச் சொல்கிறான். எனக்கு உடம்பு கூசிப்போனது. அந்தக் காட்சிக்கு அப்புறமும் அவனுக்கு உறவாக இருப்பது எப்படி?

மூன்றாம் கண்:
இந்த விவாதத்தை த சோப்ரானோஸ் தனக்குள்ளேயே நடத்தி முடித்துவிட்டது என்பது என் எண்ணம்.

1999இல் அதன் ஐந்தாவது பகுதி. மாஃபியா தலைவன் டோனி மகளைக் கல்லூரி பார்க்க அழைத்துப் போகிறான். வழியில், முன்பு காட்டிக்கொடுத்த ஒருவனைக் கண்டுபிடித்துத் தன் கையாலேயே கழுத்தை நெரித்துக் கொல்கிறான். அதை ஒளிபரப்பிய ஹெச்பிஓ சேனலில் பொறுப்பில் இருந்த கிறிஸ் ஆல்பிரெக்ட் இந்தக் கொலையோடு மக்கள் டோனியை வெறுத்துவிடுவார்கள் என்று பயந்தார். தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் விட்டுக்கொடுக்கவில்லை, கொல்லாவிட்டால் அவன் அவனாக இருக்க மாட்டான் என்று நின்றார். மக்கள் வெறுக்கவில்லை. இதுவரை கருவிழி பக்கம்தான்.

ஆனால் அந்தத் தொடரில் நம் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர் இருக்கிறார், மனநல மருத்துவர் மெல்ஃபி. டோனியின் கதையை வாரா வாரம் கேட்பது அவருடைய வேலை, நம்முடையதும் அதுதான். மூன்றாவது சீசனில் அவரை ஒருவன் வல்லுறவு செய்கிறான். போலீஸ் செய்த நடைமுறைத் தவறால் பிடிபட்டவன் வெளியே வந்துவிடுகிறான். டோனியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாள் அவன் உயிரோடு இருக்க மாட்டான். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று டோனி கேட்கிறான். "இல்லை" என்கிறார். நான் அந்த நேரத்தில் சொல்லு, சொல்லு என்று மனசுக்குள் கத்தினேன். என் நீதியுணர்ச்சி எவ்வளவு மெல்லியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இதை எனக்குக் காட்டியது குறையுள்ளவர்களைப் பற்றிய ஒரு தொடர். நல்லவனை மட்டும் காட்டும் கதையால் இது முடிந்திருக்காது.

கடைசிப் பகுதிக்கு முந்தியதில், 2007இல், இப்படிப்பட்டவர்களுக்குப் பேச்சு சிகிச்சை கொடுத்தால் அவர்களுடைய சாமர்த்தியம்தான் கூர்மையாகும் என்ற ஆய்வைப் படித்துவிட்டு மெல்ஃபி கதவைச் சாத்துகிறார். இத்தனை வருஷம் கேட்டதற்கு அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட பதில் அது.

வெண்ணிலவன்:
த ஷீல்டை யாரும் சொல்லவில்லையே. விக் மேக்கி முதல் பகுதியின் முடிவிலேயே சக போலீஸ்காரன் டெர்ரி குரோலியைச் சுடுகிறான். 2002இலிருந்து 2008 வரை அந்தத் தோட்டா எல்லோரையும் துரத்துகிறது. கடைசியில் விக்குக்குச் சிறை இல்லை. கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு மேஜை முன் உட்கார்ந்து அறிக்கை எழுத வேண்டும், அதுதான் தண்டனை. தெருவில் ராஜாவாக இருந்தவனுக்கு அதைவிடக் கொடுமை வேறு இல்லை.

கருவிழி:
வெண்ணிலவன், அங்கேயும் விக் எதை இழந்தான் என்பதுதானே கணக்கு? டெர்ரி இழந்ததை யார் கணக்குப் போட்டார்கள்?

மெல்ஃபி விஷயத்தில் மூன்றாம் கண் சொன்னதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அதை யோசித்தபோது எனக்கே என் வாதம் கொஞ்சம் தெளிந்தது. "குற்றம் குறை" என்று நாம் ஒரே மூச்சில் சொல்கிறோம். இரண்டும் ஒன்றில்லை. 1991இல் வந்த பிரைம் சஸ்பெக்ட்டில் ஹெலன் மிரன் நடித்த போலீஸ் அதிகாரி ஜேன் டென்னிசனை எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்காக உறவுகளைக் கைவிடுகிறாள், போகப்போகக் குடிக்கு அடிமையாகிறாள். அது குறை. ஹாப்பி வேலி தொடரில் போலீஸ் சார்ஜன்ட் கேத்தரின் கேவுட்டுக்கு முன்கோபம், பிடிவாதம், யாரையும் நெருங்கவிடாத நாக்கு. மகள் வல்லுறவுக்கு ஆளாகித் தற்கொலை செய்துகொண்டாள், அந்தக் குற்றத்தில் பிறந்த பேரனை வளர்க்கிறாள். அங்கே பாதிக்கப்பட்ட வீட்டுக்குள்ளேயே கேமரா குடியிருக்கிறது. நமக்குக் கண்ணை எடுக்க முடிகிறதா? வால்டரின் கொலைகளையும் கேத்தரினின் கோபத்தையும் "குறையுள்ள பாத்திரம்" என்ற ஒரே பெயரில் பாராட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மழைக்குருவி:
பிரித்தது நன்றாக இருக்கிறது. ஆனால் கோடு நீங்கள் நினைக்கிற மாதிரி நிலையாக நிற்காது. த வயர் தொடரில் கொலை விசாரிக்கும் போலீஸ்காரன் மெக்நல்டியைப் பாருங்கள். குடி, பெண் பித்து, மேலதிகாரிகளோடு ஓயாத சண்டை, எல்லாம் உங்கள் கணக்கில் குறைதான். உண்மையான கொலைகளை விசாரிக்கப் பணம் ஒதுக்க மாட்டேன் என்கிறார்கள். ஐந்தாவது சீசனில், செத்துக் கிடக்கும் வீடற்றவர்களின் உடலில் கைவைத்து, இல்லாத ஒரு தொடர் கொலையாளியை உருவாக்குகிறான். பணம் வருகிறது. அப்புறம் அந்தச் செய்தியைக் கேட்டு ஒருவன் நிஜமாகவே கொல்லத் தொடங்குகிறான். அது தெரியும்போது மெக்நல்டியின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்தப் பொய்யை அவன் நல்ல காரியத்துக்காகத் தொடங்கினான், நானும் கூடவே நடந்தேன். குறை எந்தப் படியில் குற்றமானது என்று இப்போதும் என்னால் விரல் வைத்துக் காட்ட முடியாது. அப்படிக் கூட நடக்க வைக்காத கதையால் அந்தப் படிகளைக் காட்டவே முடியாது. அதனால்தான் கேமரா தப்பு செய்கிறவனோடு போயாக வேண்டும் என்கிறேன்.

மூன்றாம் கண்:
பால்டிமோரில் செய்தியாளராக இருந்த டேவிட் சைமனும், அங்கே கொலை விசாரணை செய்துவிட்டு ஆசிரியராகவும் இருந்த எட் பர்ன்ஸும் சேர்ந்து எழுதியது அது. நான்காவது சீசனில் கேமரா மெக்நல்டியை ஓரமாக வைத்துவிட்டு நான்கு பள்ளிச் சிறுவர்களோடு போய்விடுகிறது. இரண்டு பேர் கேட்பதும் அந்த ஒரு தொடரில் கிடைக்கிறது.

கருவிழி:
மெக்நல்டியைப் பற்றிச் சொன்னது சரி. படிகள் இருக்கின்றன, கூட நடந்தால்தான் தெரியும். ஆனால் பிரேக்கிங் பேடில் ஐந்தாவது சீசனில் ஸ்கைலர் உடுத்திய உடையோடு குளத்துக்குள் இறங்குகிற காட்சிக்கு நான் திரும்பத் திரும்பப் போகிறேன். அன்று இரவு, எதற்காகக் காத்திருக்கிறாய் என்று வால்டர் கேட்கிறான். புற்றுநோய் திரும்பி வருவதற்காக என்கிறாள். முதல் முறை பார்த்தபோது என்ன பெண் இவள் என்று நினைத்தேன். இப்போது பார்த்தால், வாய் பேச வழியில்லாத ஒருத்தி கடைசியாகப் பிடித்திருந்த கயிறு அது. அவளோடு நடக்க எனக்கு இரண்டாவது முறை தேவைப்பட்டது. எத்தனை பேர் இரண்டாவது முறை பார்ப்பார்கள்?

மழைக்குருவி:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஹாப்பி வேலி நான் பார்த்ததில்லை. மூன்று சீசன், 18 பகுதி என்று தெரிகிறது. இன்றைக்கு இரவு தொடங்குகிறேன், முடித்துவிட்டு இங்கேயே வருகிறேன்.