பிரிட்டன்ல அமெரிக்க பர்கர் கடைக்குள்ள முதல் தடவை காலெடுத்து வச்ச கதை – உங்களோடதையும் சொல்லுங்க

ரெடிங் பையன்:
நானே ஆரம்பிச்சு வைக்கிறேன். 2021 ஜூன். கொரோனா ரூல்ஸ் அப்பத்தான் தளர்ந்து கடைக்குள்ள உக்காந்து சாப்பிட விட்டிருந்தாங்க. அந்த நேரம் பாத்து எங்க ஊர் ரெடிங்ல ஸ்டேஷன் ரோட்டுல வெண்டிஸ் திறந்தாங்க. எனக்கு அது இன்னொரு பர்கர் கடை, அவ்ளோதான். ஆனா எங்க ஆபீஸ்ல ஒரு வெள்ளைக்காரர், அம்பதைத் தொடப்போற ஆளு, எதுக்கும் அசர மாட்டார், அவர் ரெண்டு நாளா இதே பேச்சு. தொண்ணூறுகள்ல காலேஜ் படிக்கும்போது லண்டன் வந்தா அங்கதான் சாப்பிடுவாராம், அப்புறம் 2000 வாக்குல அவங்க பிரிட்டன்ல எல்லா கடையையும் மூடிட்டு கிளம்பிட்டாங்களாம், இருபது வருஷம் கழிச்சு திரும்ப வர்றாங்கன்னு சொந்தக்காரன் துபாய்ல இருந்து வர்ற மாதிரி சந்தோஷம் அவருக்கு.

சரி வாங்க சார்னு நானும் கூடப் போனேன். தெரு முனை வரைக்கும் க்யூ. மாஸ்க், ரெண்டு மீட்டர் இடைவெளி எல்லாம் சேர்ந்து க்யூ இன்னும் நீளமாத் தெரியுது. முக்கா மணி நேரம் நின்னோம். கையில வந்தா பன் வட்டமா இருக்கு, உள்ள இருக்குற பாட்டி (நம்ம பாட்டி இல்லைங்க, கறி) சதுரமா இருக்கு, நாலு மூலையும் பன்னுக்கு வெளிய எட்டிப் பாக்குது. அளவு மாத்தி செஞ்சுட்டாங்க போலன்னு நினைச்சேன். அவர் சிரிச்சிட்டு, இல்லப்பா அதான் அவங்க அடையாளமே, மூலை வெளிய தெரியணும்னுதான் அப்படி பண்றாங்கன்னார். அப்புறம் ஃப்ரைஸ எடுத்து ஃப்ராஸ்டின்னு ஒரு ஐஸ்க்ரீம் மாதிரி ஐட்டம் இருக்கு, அதுல முக்கி சாப்பிட்டார் பாருங்க. எங்க ஊர்ல எவனாச்சும் உருளைக்கிழங்கு வறுவல பால்கோவாவுல முக்கினா வீட்ட விட்டே துரத்திடுவாங்க. சும்மா ஒண்ணு முக்கிப் பாத்தேன். பாதி கப் காலி ஆயிடுச்சு.

அடுத்து யாரு?

சைவப்பூனை:
என்னோடது 2008, பர்மிங்ஹாம், மாஸ்டர்ஸ் படிக்க வந்த மூணாவது நாள். திருச்சியில எங்க வீடு சுத்த சைவம், வெங்காயத்துக்கே சில நாள் லீவு. ஒரு பர்கர் கடை (பேரு வேணாம்), கவுண்டர்ல இருந்த பொண்ணு மூச்சு விடாம ஏதோ கேக்குறா. "ஈட்டினார்டேக்கவே". ஒரே வார்த்தை. நான் யெஸ்னு சொன்னேன். திரும்ப அதையே கேட்டா, நான் இன்னும் சத்தமா யெஸ்னு சொன்னேன். பின்னாடி நின்ன பையன் என்னைப் பாத்து ரொம்ப மரியாதையா, இங்கயே சாப்பிடுறீங்களா எடுத்துட்டுப் போறீங்களான்னு கேக்குறாங்கன்னு மெதுவா சொன்னான். அவமானத்துல எடுத்துட்டுப் போறேன்னு சொல்லிட்டேன், வெளிய மழை, பஸ் ஸ்டாப்ல நின்னு சாப்பிட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பின்னாடி வரிக் கணக்கு இருக்குன்னு அப்புறமா ஒரு பார்ட் டைம் வேலையிலதான் தெரிஞ்சது. உள்ள உக்காந்து சாப்பிட்டா எல்லாத்துக்கும் வாட் வரி, வெளிய எடுத்துட்டுப் போனா சூடான ஐட்டத்துக்கு மட்டும் வரி, ஆறின சாண்ட்விச்சுக்குக் கிடையாது. சூடான டேக்அவே சாப்பாட்டுக்கு 1984லதான் வரி போட்டாங்களாம். அதனால பர்கருக்கு எப்படிக் கேட்டாலும் வரி ஒண்ணுதான், ஆனா கேள்வி மட்டும் விடாது.

அப்புறம் ஃப்ரைஸ் பஞ்சாயத்து. அமெரிக்காவுல இருக்குற எங்க சித்தி போன் பண்ணி, மெக்டொனால்ட்ஸ் ஃப்ரைஸ தொடாதே, மாட்டு வாசனை சேக்குறாங்கன்னு ஒரே மிரட்டல். சித்தி சொன்னது பொய் இல்ல. அங்க அந்த ஃப்ரைஸ்ல மாட்டிறைச்சில இருந்து எடுத்த ஃப்ளேவர் இருக்குன்னு தெரிஞ்சு 2001ல இந்துக்கள், சைவ சாப்பாட்டுக்காரங்க எல்லாம் சேர்ந்து கேஸ் போட்டு, அடுத்த வருஷம் 1 கோடி டாலர் கொடுத்து சமரசம் பண்ணாங்க. ஆனா பிரிட்டன்ல அது வேற ரெசிபி, அந்த ஃப்ளேவர் இங்க கிடையாது. அதே பேரு, அதே மஞ்சள் வளைவு, கடலுக்கு அந்தப் பக்கம் சாப்பிடக்கூடாது, இந்தப் பக்கம் சாப்பிடலாம். சித்திக்கு இதைப் புரிய வைக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. அந்த ஒரு வருஷமும் பர்கர் கிங் ஸ்பைசி பீன் பர்கர்தான் என்னைக் காப்பாத்துச்சு.

ரெடிங் பையன்:
ஈட்டினார்டேக்கவே 😂 நான் வந்த புதுசுல அது ஏதோ காம்போ மீல் பேருன்னு நினைச்சேன்.

கொழும்புத்துறையான்:
பிள்ளையள், நீங்கள் எல்லாரும் நேத்து வந்தாக்கள். நான் 1987ல வந்தனான். வந்து ரெண்டாம் கிழமை எங்கட ஊர்ப் பெடியன் ஒருத்தன், எனக்கு ஒரு வருசம் முந்தி வந்தவன், வா மச்சான் பேர்கர் சாப்பிடுவம் எண்டு விம்பிக்குக் கூட்டிக்கொண்டு போனவன். அவன் பெரிய லண்டன்காரன் மாதிரி கதிரையில இருந்து மெனுவைப் பாக்கிறான், ஒரு பிள்ளை வந்து ஓடர் எடுக்குது, பிறகு கோப்பையில (தட்டில) பேர்கர் வருது, பக்கத்தில சிப்ஸ், கத்தி, முள்ளுக்கரண்டி. மேசையில சிவப்பு பிளாஸ்ரிக் தக்காளி ஒண்டு. நான் அது அலங்காரத்துக்கு வச்சிருக்கினம் எண்டு நினைச்சு கையில எடுத்து அமத்திப் பாத்தன், சோஸ் பாய்ஞ்சு சேட்டில. ஊரில இருந்து கொண்டு வந்த ரெண்டு நல்ல சேட்டில அது ஒண்டு.

அப்ப நான் விம்பி எண்டால் முழு இங்கிலீசுக் கடை எண்டு தான் நினைச்சுக்கொண்டிருந்தனான். உண்மையில அதுவும் அமெரிக்காவில தொடங்கின சாமான் தான். பேரே பொப்பாய் கார்ட்டூனில பேர்கர் தின்னுற தொப்பிக்காரன்ர பேர். 1954ல லயன்ஸ் எண்ட தேத்தண்ணிக்கடைக் கொம்பனி அந்தப் பேரை இங்க கொண்டுவந்து, லண்டன் கொவென்றி ஸ்ரீட்டில இருந்த தங்கட கோர்னர் ஹவுஸ் எண்ட பெரிய சாப்பாட்டுக்கடைக்குள்ள துவங்கினது. வெள்ளைக்காரன் அமெரிக்கச் சாப்பாட்டை எடுத்து, கோப்பையும் கத்தியும் முள்ளும் வச்சு, இருந்து சாப்பிடப் பண்ணிப்போட்டான். பிறகு 1989ல கிராண்ட் மெற் எண்ட பிரிட்டிஷ் கொம்பனி பேர்கர் கிங்கையும் வாங்கி, விம்பியையும் வாங்கி, கவுன்ரர் வச்ச விம்பியளை எல்லாம் பேர்கர் கிங்கா மாத்தினவை. எங்கட ஹை றோட்டிலயும் ஒரு கிழமைக்குள்ள போர்ட் மாறீட்டுது. இருந்து சாப்பிடுற விம்பியள் கொஞ்சம் தப்பி இண்டைக்கும் சில ஊர்களில கிடக்கு, போய்ப் பாருங்கோ.

நான் அந்த வருசம் தான் ஒரு அமெரிக்கன் பேர்கர் கடையில குசினி வேலைக்குச் சேந்தனான். எந்தக் கடை எண்டு கேளாதேங்கோ. அகதி விண்ணப்பம் போட்டுட்டு இருந்த பெடியளுக்கு அந்த நாளையில பெற்றோல் ஸ்ரேசன், இல்லாட்டி பேர்கர் கடை. எங்கட வீட்டில ஏழு பேர் ஒரே வீடு, அதில நாலு பேர் பேர்கர் கடை. இரவு வேலை முடிச்சு வாறவன்ர மணத்திலயே அவன் கிறில்லோ ஃபிரையரோ எண்டு சொல்லலாம்.

எனக்குத் தந்தது கிறில். உறைஞ்ச பற்றீஸைப் பெட்டியில இருந்து எடுத்து ஆறு ஆறா வரிசைக்கு வைக்கோணும், வைக்கேக்க கல்லு மாதிரி டக் டக் எண்டு சத்தம் கேக்கும். பஸ்ஸர் அடிச்சா அமத்து, அடுத்த பஸ்ஸர் பிரட்டு, அடுத்தது எடு. பேர்கரைக் கடதாசியில சுத்தி முன்னுக்கு இருக்கிற சரிவுத் தட்டில விட்டால் அதுக்குப் பின்னால நேரத்தைக் காட்டுற ஒரு நம்பர். பத்து நிமிசம் தாண்டினால் குப்பைக்கு. அந்தக் குப்பையை மனேச்சர் எண்ணி எழுதுவான். ஊரில ஆக்கள் பங்கருக்குள்ள கிடக்கேக்க நான் இங்க நல்ல சாப்பாட்டை எண்ணி எண்ணிக் கொட்டினனான், அது தான் எனக்கு முதல் மாதம் நித்திரை வராமல் செய்தது, குளிர் இல்லை.

மற்றது நாங்கள் சைவ சமயம். மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடுவம், மாடு வீட்டில ஏறாது. அம்மாவுக்குக் கடிதத்தில "ஒரு சாப்பாட்டுக் கடையில வேலை, சூடான இடம், பயப்பிட வேண்டாம்" எண்டு மட்டும் தான் எழுதினனான். வெள்ளிக்கிழமையில வேலை முடிஞ்சு வந்தா எத்தினை மணியெண்டாலும் தலைக்குத் தோஞ்சு போட்டுத் தான் சாமிப் படத்துக்குக் கிட்டப் போவன். சவுக்காரம் போட்டு மூண்டு தரம் கழுவினாலும் நகத்துக்குள்ள அந்தக் கொழுப்பு மணம் நிக்கும். வேலையில தாற சாப்பாடு ஃபிஷ் பேர்கர். மூண்டு வருசம் ஃபிஷ் பேர்கர்.

ஹாரோ அக்கா:
அண்ணை, வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தன். எங்கட அப்பாவும் ஃபிரையர் தான். கையில புள்ளி புள்ளியா எண்ணெய் சுட்ட தழும்பு, சின்னனில அதை நான் எண்ணி விளையாடுவன்.

என்ர கதை வேற மாதிரி. 2013 ஜூலை. நான் லண்டன் ஹோபர்ன் பக்கம் வேலை. பக்கத்தில கொவென்ட் கார்டன்ல அடுத்தடுத்த நாளில ரெண்டு அமெரிக்கக் கடை திறந்தவை. ஜூலை 4, அவையின்ர சுதந்திர தினம் பாத்து ஃபைவ் கைஸ் லோங் ஏக்கரில, 5ம் திகதி ஷேக் ஷாக் மார்க்கெட் கட்டடத்தில. லஞ்சுக்குப் போன ஆக்கள் மூண்டு மணிக்குத் திரும்பி வந்தவை. நான் அந்தக் கிழமை கிட்டவும் போகேல்ல. ஒரு பேர்கருக்காக ஆர் நிப்பினம்.

பிறகு பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை ஃபைவ் கைஸுக்குப் போனன். வாசலிலயே கச்சான் (வேர்க்கடலை) இருக்கு எண்டு போட்டிருக்கு. உள்ளுக்கு பெட்டி பெட்டியா கோது கச்சான், சும்மா எடுத்துக் கொறிக்கலாம், சிப்ஸ் பொரிக்கிறதும் கச்சான் எண்ணெயில. என்ர சின்னவனுக்கு கச்சான் அலர்ஜி. வாசிச்ச உடன அப்பிடியே திரும்பி வந்திட்டம், பெரியவன் வீடு வரைக்கும் அழுகை. கோயில் வீதியில கச்சான் கோதுடைச்சுக்கொண்டு திரிஞ்ச சனத்தின்ர பேரப்பிள்ளைக்கு கச்சான் ஒத்துக்கொள்ளேல்ல எண்டு அம்மம்மாவுக்குச் சொன்னா அவ இண்டைக்கும் நம்பமாட்டா.

பெரியவனைப் பிறகு தனியக் கூட்டிக்கொண்டு போனன். ஒரு கப் சிப்ஸ் கேட்டா கப்பை நிரப்பிப்போட்டு மேலால இன்னொரு அள்ளு அள்ளிப் பையுக்குள்ள கொட்டுறாங்கள், கடதாசிப் பை முழுக்க எண்ணெய் ஊறி கண்ணாடி மாதிரி. அது மட்டும் பிடிச்சுது. ரெண்டு பேருக்கு வந்த பில்லில எங்கட வீட்டில ரெண்டு நாளைக்கு இறைச்சிக் கறி வைக்கலாம்.

வுல்விச் வாசி:
யாரும் வுல்விச்ச சொல்லலையே! மெக்டொனால்ட்ஸ் பிரிட்டன்ல முதன்முதல்ல திறந்தது லண்டன்ல எங்க ஏரியாதான், பவிஸ் ஸ்ட்ரீட், 1974. அது உலகத்துலயே அவங்களோட 3000வது கடையாம். நடு லண்டன் வெஸ்ட் எண்ட்ல, ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்ல எல்லாம் திறக்காம இங்க வந்து ஏன் திறந்தாங்கன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். பக்கத்து வீட்டுப் பாட்டி (இது நிஜப் பாட்டி) சொல்றது, இங்க இருந்தது ஃபேக்டரி சனமும் பட்டாளத்துக்காரங்களும்தான், இந்த ஜனத்துக்குப் பிடிச்சா நாட்டுக்கே பிடிக்கும்னு கணக்குப் போட்டிருப்பான்கிறது அவங்க தியரி. தியரிதான், ஆனா எனக்குப் பிடிச்சிருக்கு.

அந்த வருஷக் கடைசி இங்க சந்தோஷமான நேரம் இல்ல, நவம்பர்ல கிங்ஸ் ஆர்ம்ஸ் பப்புல ஐஆர்ஏ (ஐரிஷ் ஆயுதக் குழு) குண்டு போட்டு ரெண்டு பேர் செத்துட்டாங்க. கூட்டமா இருக்குற இடத்துக்குப் போகவே பயந்தாங்களாம். இருந்தாலும் பாட்டியும் அவங்க தங்கச்சியும் புதுக் கடையப் பாக்கப் போயிருக்காங்க. நல்லா டிரஸ் பண்ணி, கையுறை எல்லாம் போட்டு. உள்ள போய் உக்காந்து இருபது நிமிஷம் யாராச்சும் வந்து ஆர்டர் எடுப்பாங்கன்னு காத்திருந்தாங்களாம். விம்பி பழக்கம்! கடைசியில தங்கச்சி எந்திரிச்சுப் போய் கவுண்டர்ல வாங்கிட்டு வந்தா, தட்டு இல்ல, கத்தி இல்ல. கத்தி முள்ளு கேட்டதுக்கு அந்தப் பையன் சிரிச்சானாம். பாட்டி கையுறையக் கழட்டி மடியில வச்சிட்டு கையால சாப்பிட்டிருக்காங்க, தெருவுல யாராச்சும் தெரிஞ்சவங்க ஜன்னல் வழியா பாத்துடுவாங்களோன்னு முதுகக் காட்டி உக்காந்து. எனக்கு இதைச் சொல்லிட்டு, உனக்கென்னப்பா நீங்க கையாலதானே சாப்பிடுவீங்கன்னாங்க. நான் இட்லிக்கே ஸ்பூன் தேடுற ஆளுன்னு சொல்லல.

சைவப்பூனை:
கையுறையக் கழட்டி மடியில வச்ச சீன் அப்படியே கண்ணுல நிக்குது. வுல்விச் வரவேத்துச்சு, ஆனா வடக்கு லண்டன் ஹாம்ப்ஸ்டெட் பணக்காரங்க இதே மெக்டொனால்ட்ஸ உள்ள விடாம எவ்ளோ வருஷம் சண்டை போட்டாங்க தெரியுமா? 1993லதான் ஒரு வழியா திறந்தாங்க. 2013ல தானாவே மூடிட்டாங்க.

ரெடிங் பையன்:
கொழும்புத்துறை அண்ணே, கேக்கலாமான்னு தெரியல. அம்மாவுக்கு கடைசி வரைக்கும் தெரியாதா?

கொழும்புத்துறையான்:
கேளுங்கோ தம்பி, அதில என்ன இருக்கு. 2003ல சமாதான காலத்தில அம்மாவை இங்க கூப்பிட்டனாங்கள். அப்ப நான் அந்த வேலை விட்டுக் கனகாலம், தபால் கந்தோரில வேலை. ஒருநாள் ரவுணுக்குப் போகேக்க பழைய கடையைத் தாண்டினம். அம்மா நிண்டா. நீ வேலை செய்த கடை உந்த மாதிரிக் கடையோ எண்டா. எனக்குத் தொண்டை காய்ஞ்சு போச்சு. ஓம் எண்டன். உள்ளுக்குப் போவம், கால் உளையுது எண்டா.

கூட்டிக்கொண்டு போய் இருத்தி தேத்தண்ணியும் ஒரு ஃபிஷ் பேர்கரும் வாங்கிக் குடுத்தன். மேல் பன்னைக் கழட்டி உள்ளுக்குப் பாத்தா, அந்த மஞ்சள் சீஸை விரலால நுள்ளி ஒரு பக்கம் வச்சா, மீனை மட்டும் சாப்பிட்டா. உப்பு இல்லை, தேசிக்காய்ப் புளியாவது விட்டிருக்கலாம் எண்டா. பிறகு குசினிப் பக்கம் பாத்துக்கொண்டே, அந்தப் பெடியன் எந்த ஊர் எண்டு கேள் எண்டா. கிறில்லில ஒரு கறுத்த மெல்லிய பெடியன் நிண்டவன். நான் போய்க் கேட்டன், சோமாலியா எண்டான். அம்மாட்ட வந்து சொன்னன். அவவுக்கு சோமாலியா எங்க இருக்கு எண்டு தெரியாது. அங்கயும் சண்டையோ எண்டு கேட்டா. ஓம் எண்டன். தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சா, மிச்சப் பன்னை ரிசுவில சுத்தி கைப்பையுக்குள்ள வச்சா, பஸ் ஸ்ரொப்பில புறாவுக்குப் போட.

சாப்பாட்டுக் கடை எண்டு தானே எழுதினனான், பொய் இல்லைத் தானே.